கையில் ஒரு நாவல், காலடியில் பிராக்: பாரிமுனையில் தொடங்கும் ஒரு நடை

செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரத்துக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் பழைய நகரச் சதுக்கத்தில் கடிகாரம் அடிப்பதைப் படம் பிடிக்கிறார்கள், பாலத்தில் நின்று ஒரு போட்டோ எடுக்கிறார்கள், கோட்டையைச் சுற்றுகிறார்கள், மறுநாள் வியன்னாவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். அழகான ஊரைப் பார்த்த திருப்தி கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு நாவலை ஊன்றிப் படித்துவிட்டுப் போனால் அந்த ஊர் உங்களோடு பேச ஆரம்பித்துவிடும். அந்த நடையை எப்படித் தயார் செய்வது, போகிற இடத்தில் எப்படி நடத்துவது என்பதை எழுதி வைக்கிறேன்.

நான் தம்புச் செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மண்ணடி, பாரிமுனை, கோட்டைப் பக்கம் வாசகர்களை நடத்திக் கூட்டிப் போகிறேன். எங்கள் வட்டத்தில் சிலர் சேர்ந்து பிராகுக்கும் போய் வந்தோம். அங்கே நடந்த நடை நன்றாக அமைந்ததற்குக் காரணம் இங்கே பாரிமுனையில் செய்த ஒத்திகைதான். ஏன் என்று சொல்கிறேன்.

நாவல், குஸ்தாவ் மைரிங்க் ஜெர்மன் மொழியில் எழுதிய 'கோலம்'. நம் வாசல் கோலம் இல்லை. களிமண்ணால் செய்து உயிர் கொடுத்த ஆளுக்கு யூத மரபில் வழங்கும் பெயர். 1913-14ல் பத்திரிகையில் தொடராக வந்து 1915ல் புத்தகமானது. மைரிங்க் வியன்னாவில் பிறந்தவர், பிராகில் பல ஆண்டுகள் வங்கி நடத்தியவர், சிறைக்கும் போய் வந்தவர். கதை நடப்பது அந்த ஊரின் யூதர் குடியிருப்பில். பெயர் தெரியாத ஒருவன் கோட்டையின் பேராலயத்தில் தன் தொப்பிக்குப் பதில் வேறொருவருடைய தொப்பியை எடுத்து வந்துவிடுகிறான். உள் துணியில் அத்தனேசியஸ் பெர்னத் என்று பொன்னெழுத்தில் பெயர். அதன்பின் அவன் பெர்னத்தின் வாழ்க்கையைக் கனவில் வாழ்கிறான்.

இதில் நடைக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 1893ல் சட்டம் போட்டு, சுகாதாரச் சீரமைப்பு என்ற பெயரில் அந்தக் குடியிருப்பை இடிக்கத் தொடங்கினார்கள். நாவல் புத்தகமாக வந்தபோது அதில் வரும் சந்துகளில் பெரும்பகுதி தரைமட்டமாகிப் போயிருந்தது. இன்று அங்கே ஆறு ஜெபாலயங்கள் (யூதர்களின் வழிபாட்டு இடங்கள்), யூதர் நகர மண்டபம், சடங்கு மண்டபம், பழைய இடுகாடு, இவைதான் மிச்சம். சுற்றிலும் பாரிஸ் நகரத்தைப் பார்த்துக் கட்டிய அகலமான தெரு, விலையுயர்ந்த கடைகள். நாவலில் படித்த இருண்ட சந்தைத் தேடிப் போகிறவர் அந்தக் கடைக் கண்ணாடிகள் முன்னால் ஏமாந்து நிற்பார். ஆக, இந்த நடைக்குத் தேவையான திறமை, இல்லாத தெருவில் நடக்கப் பழகுவது. அதைச் சென்னையிலேயே பழகலாம்.

பாரிமுனையில் ஒத்திகை

ஞாயிறு காலை ஆறரைக்குள் பாரிமுனைக்கு வந்துவிடுங்கள். அந்த நேரத்தில் பேருந்துகள் குறைவு, தள்ளுவண்டிகள் இன்னும் வந்திருக்காது. டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி ஒரு கல்தூண் நிற்கிறது. நான் அந்த வழியாகத் தினமும் வேலைக்குப் போன காலத்தில் யாரும் அதை நின்று பார்த்து நான் கண்டதில்லை. 1773ல் கம்பெனிக்காரர்கள் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அந்தத் தூணுக்கு முதுகு காட்டி, கோட்டையைப் பார்த்து நில்லுங்கள். உங்களுக்கும் கோட்டைக்கும் நடுவே உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரியும் இருக்கின்றன. அந்த இடத்தில்தான் முதல் கறுப்பர் நகரம் இருந்தது. நெசவாளர்களும் துபாஷிகளும் வணிகர்களும் வாழ்ந்த ஊர், சந்தை, கோயில் எல்லாம் அங்கே இருந்தன. 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749ல் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரிக்கு மறைவு கிடைக்கும் என்று பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய இடிப்பை ஆங்கிலேயர் முடித்தார்கள். சனங்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். காலியான நிலத்தில் இனி யாரும் கட்டக் கூடாது என்பதற்கு அடையாளம்தான் அந்தத் தூண்கள். இடிந்த நகரத்தின் பட்டணம் கோயில், பூக்கடை தேவராஜ முதலி தெருவில் சென்ன கேசவர், சென்ன மல்லீஸ்வரர் என்று இரட்டைக் கோயிலாக மறுபடி எழுந்தது.

இதையெல்லாம் சொன்னபின் ஒரு பயிற்சி. உடன் வந்தவர்களிடம், "இங்கே ஒரு தெரு இருந்ததுன்னு வச்சுக்கங்க. வீடு எந்தப் பக்கம் பார்த்து இருந்திருக்கும், கிணறு எங்கே, கோட்டைச் சுவர் எவ்வளவு கிட்டத்தில தெரிஞ்சிருக்கும்?" என்று கேளுங்கள். முதலில் கூச்சப்படுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கையை நீட்டிக் காட்ட ஆரம்பிப்பார். எங்கள் குழுவில் வயதில் மூத்த டீச்சரம்மா ஒருவர், "சார், கடல் அப்ப இன்னும் பக்கத்துல இருந்திருக்குமே, உப்புக் காத்துக்கு இந்தப் பக்கம் ஜன்னலே வச்சிருக்க மாட்டாங்க" என்றார். துறைமுகம் கட்டியபின் மணல் சேர்ந்து கடல் தள்ளிப் போனது உண்மை. அப்படிப் பேச ஆரம்பித்துவிட்டால் அவர்கள் பிராகுக்குத் தயார் என்று அர்த்தம்.

அங்கிருந்து கோட்டைக்குள் புனித மேரி ஆலயம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். 1680ல் அர்ப்பணித்த ஆலயம் அது. முற்றத்துத் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களைக் குனிந்து பாருங்கள். அவை அங்கே புதைந்தவர்களுடையவை அல்ல. பழைய ஆங்கிலேயர் இடுகாடு, முன்பு பார்த்த பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டதால், பின்னால் கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பதித்தார்கள். ஒரு கல்லறை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. கவர்னராக இருந்த எலிஹு யேலின் சிறு மகன் டேவிட்டும், யேலின் மனைவிக்கு முதல் கணவரான ஜோசப் ஹின்மர்சும் அடங்கியது அது. பிராகின் பழைய யூத இடுகாட்டுக்குள் நுழையும்போது இந்தக் கற்கள் உங்களுக்கு நினைவு வரும், வர வேண்டும்.

ஒத்திகையைத் தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் சன்னதியில் முடியுங்கள். 1677ல் சத்ரபதி சிவாஜி இங்கே வந்து கும்பிட்டார் என்று கோயிலில் எழுதியே வைத்திருக்கிறார்கள். கோயில் முதலில் கோட்டைப் பகுதியில் இருந்து பின்னர் இந்தத் தெருவுக்கு வந்தது என்பதும் தல வரலாறு. இங்கேதான் நடையின் முக்கியமான ஒழுங்கைக் கற்றுக்கொடுக்கிறேன். ஊர் சொல்வதை முதலில் முழுசாகச் சொல்ல வேண்டும். நடுவில் "ஆனால் ஆதாரம் இல்லை" என்று வெட்டக் கூடாது. கதை முடிந்து, கேட்டவர்கள் ஒரு மூச்சு விட்டபின், ஏட்டில் இருப்பது என்ன என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டையும் கலந்தால் கதையும் கெடும், வரலாறும் கெடும். பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் நடைகளில்கூட இந்தக் கலப்படம் நிறைய நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே கிடையாது.

நாவலை எப்படிப் படிப்பது

இரண்டு தடவை படியுங்கள். முதல் வாசிப்பில் யார் கனவு, யார் நினைவு என்று குழம்பும், குழம்பட்டும். இரண்டாவது வாசிப்பில் பென்சிலோடு உட்கார்ந்து இடங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். பிறகு சத்தமாகப் படிக்க மூன்று பகுதிகளைப் பொறுக்கி எடுங்கள். தொப்பி மாறுகிற இடம் ஒன்று. வாசலே இல்லாத அறை ஒன்று: கம்பி போட்ட ஜன்னல் மட்டும் வெளியே தெரியும், உள்ளே போக வழி கிடையாது, முப்பத்து மூன்று ஆண்டுக்கு ஒரு தரம் தெருவில் தோன்றும் கோலம் அங்கேதான் மறையும் என்பது நாவலில் உள்ள நம்பிக்கை. மூன்றாவது, சிறையிலிருந்து வெளியே வரும் பெர்னத் தன் தெருக்கள் இடிபட்டுக் கிடப்பதைப் பார்க்கும் இடம்.

இந்த மூன்றையும் உங்கள் கையாலேயே தமிழில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதி ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. குளிரில் நின்று கேட்பவர்களுக்குப் பொறுமை அவ்வளவுதான். செல்போனில் பார்த்துப் படிக்காதீர்கள்; தாளில் படிக்கிறவருடைய குரலே வேறு.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. மைரிங்க் சொல்வது வேறு கோலம், ஊர் சொல்வது வேறு கோலம். நாவலில் அது ஒரு பேயுரு, அந்தக் குடியிருப்பின் மனசே எழுந்து நடப்பது மாதிரி. ஊர்க்கதையில் அது ஒரு காவலாள். இந்த ஊர்க்கதையை நீங்கள் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கதை இப்படி. பதினாறாம் நூற்றாண்டின் கடைசி. ரப்பி (யூத மதகுரு) யூதா லோவ், மஹரால் என்று மரியாதையாக அழைக்கப்பட்ட ஞானி. தன் மக்களுக்கு ஆபத்து என்று தெரிந்ததும் வ்ல்தவா ஆற்றங்கரைக் களிமண்ணை எடுத்து ஓர் ஆள் உருவம் பிடித்தார். இறைவனின் திருநாமம் எழுதிய சீட்டை அதன் வாயில் வைத்தார். அது எழுந்தது. பேசாது, சொன்னதைச் செய்யும். ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி மாலையில் சீட்டை எடுத்துவிடுவார். ஒரு வெள்ளியன்று மறந்துபோனார். ஜெபாலயத்தில் ஓய்வுநாள் சங்கீதத்தை, அதாவது வேதத்தில் உள்ள துதிப்பாடலை, பாடிக்கொண்டிருக்கும்போது வெளியே அலறல். கோலம் வெறிபிடித்து எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டிருந்தது. பாட்டை நிறுத்தச் சொல்லி ஓடிப்போய்ச் சீட்டைப் பிடுங்கினார். மண் சரிந்தது. திரும்பி வந்து சங்கீதத்தை மறுபடி முதலிலிருந்து பாடச் சொன்னார். அந்த ஜெபாலயத்தில் 92ஆம் சங்கீதத்தை இருமுறை ஓதுவதற்கு இதுதான் காரணம் என்பார்கள். மண்ணை மேலே பரணில் போட்டு, இனி யாரும் ஏறக் கூடாது என்று உத்தரவிட்டார்.

தமிழர்களுக்கு இதைச் சொல்லும்போது நான் மயிலாப்பூரையும் சேர்த்துக்கொள்வேன். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தின் முன் நின்று, "மட்டிட்ட புன்னையங் கானல் மடமயிலை" என்று சம்பந்தர் பாடினார். ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம் என்று ஒவ்வொரு விழாவாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலே போய்விடுவாயோ என்று கேட்டார். குடம் உடைந்து பெண் எழுந்து வந்தாள். பங்குனிப் பெருவிழாவில் இதை ஆண்டுதோறும் பார்க்கிற நமக்கு, எழுத்தாலும் பாட்டாலும் உயிர் வரும் என்பது புது விஷயம் இல்லை. ஆனால் பூம்பாவையை எழுப்பியது அழைப்பு, கோலத்தை எழுப்பியது தேவை. பூம்பாவைக்கு விழா காத்திருந்தது. கோலத்துக்கு வேலை காத்திருந்தது. இந்த வித்தியாசத்தைச் சொன்னதும் கேட்பவர்கள் அந்த மண் ஆளுக்காக வருத்தப்படத் தொடங்குவார்கள்.

அப்புறம் ஏடு: ரப்பி லோவ் உண்மையில் வாழ்ந்தவர், 1592ல் பேரரசர் இரண்டாம் ருடால்பைச் சந்தித்தார், 1609ல் இறந்தார். ஆனால் அவர் காலத்து எழுத்து எதிலும் அவர் கோலம் செய்ததாக ஒரு வரி கிடையாது. கதை அவர் பெயரோடு ஒட்டி அச்சில் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

பிராகில் நடக்கும் வரிசை

சனிக்கிழமையை விட்டுவிடுங்கள். யூத அருங்காட்சியகமும் ஜெபாலயங்களும் இடுகாடும் அன்று மூடியிருக்கும், யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படித்தான். ஆண்கள் தலையை மூட ஒரு தொப்பி. தெருவெல்லாம் கல் பாவியது, அதனால் செருப்பு வேண்டாம், தேய்ந்த அடி இல்லாத ஷூ. செலவுக்கு யூரோ இல்லை, செக் கொருனா. விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் போனால் வாங்க மாட்டார்கள். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

காலையில் பழைய நகரச் சதுக்கத்தில் தொடங்குங்கள். 1410ல் நிறுவிய வானியல் கடிகாரத்தைச் செய்தவர் ஹனுஷ் என்றும், வேறு ஊருக்கு இன்னொன்று செய்துவிடக் கூடாதென்று அவர் கண்ணைப் பறித்தார்கள் என்றும் ஊர் சொல்லும். தாஜ்மகால் கட்டியவர்களின் கையை வெட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது உடனே பிடிபடும். ஏடு சொல்வது, செய்தவர் கடான் ஊர் மிகுலாஷ். இங்கே அதிக நேரம் வேண்டாம். பக்கத்தில் தரையில் பதித்த 27 வெள்ளைச் சிலுவைகளைக் காட்டுங்கள்: பேரரசரை எதிர்த்துக் கிளர்ந்ததற்காக 1621 ஜூன் 21 அன்று அங்கே கொல்லப்பட்ட 27 பேருக்கானவை. பன்னிரண்டு பேரின் தலைகளைப் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள்.

அடுத்து மரியான்ஸ்கே சதுக்கத்தில் புதிய நகர மண்டபத்தின் மூலையில் ரப்பி லோவின் சிலை, லாடிஸ்லாவ் ஷாலோன் செய்தது. ஒரு பெண் அவரை நெருங்கி நிற்கிறாள். முதுமையிலும் மரணம் அவரைப் பிடிக்க முடியாமல், பேத்தி நீட்டிய ரோஜாவுக்குள் ஒளிந்து வந்து பிடித்தது என்ற கதை அது. தொப்பிப் பகுதியை இங்கே படித்துவிட்டு வடக்கே நடங்கள்.

பழைய-புதிய ஜெபாலயம் 1270 வாக்கில் கட்டியது. ஐரோப்பாவில் இன்றும் வழிபாடு நடக்கும் ஜெபாலயங்களில் மிகப் பழையது. உள்ளே போகப் படி இறங்க வேண்டும், ஏனென்றால் சுற்றியுள்ள தரை நூற்றாண்டுகளில் உயர்ந்துவிட்டது. கட்டடத்தின் கிழக்குப் பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள். செங்கல் முகப்பில் இரும்புக் கம்பிப் படிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, பரண் கதவு வரை போகும். முதல் படியே ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் தொடங்குகிறது. கோலத்தின் மண் கிடக்கிறது என்று சொல்லும் பரண் அதுதான்; யாருக்கும் அனுமதி இல்லை. வாசல் இல்லாத அறை வரும் பகுதியைப் படிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. படித்துவிட்டு, பாரிமுனையில் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள்: சந்து எந்தப் பக்கம் போயிருக்கும்? எதிரே பகட்டான கடைத்தெரு. எங்கள் ஆட்கள் தயங்காமல் கை நீட்டினார்கள். திரும்பும்போது யூதர் நகர மண்டபத்தின் கீழ்க் கடிகாரத்தையும் பாருங்கள்: எபிரேய எழுத்துகள், முட்கள் இடமாகச் சுற்றும்.

இடுகாடு. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து 1787 வரை புதைத்தார்கள். நகரம் வேறு இடம் தராததால் மண்ணைக் கொட்டி மேலே மேலே புதைக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு. சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. கல்லில் செதுக்கிய இரண்டு கைகள் குருமார் வம்சம், கெண்டி லேவியர் வம்சம் என்று குறி. ரப்பி லோவின் கல்லறையில் சிங்கம் உண்டு. விளிம்புகளில் கூழாங்கற்கள், அவற்றின் அடியில் மடித்த சீட்டுகள். சீட்டுகளைத் தொடாதீர்கள், படம் எடுக்கவும் வேண்டாம். நம் கோயில் மரத்தில் கட்டிய தொட்டிலை யாராவது பிரித்துப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்?

பக்கத்துப் பிங்கஸ் ஜெபாலயத்தில் நாவலைப் பைக்குள் வைத்துவிடுங்கள். நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள் கிட்டத்தட்ட 80,000 பேரின் பெயர்களைச் சுவர் முழுக்கக் கையால் எழுதியிருக்கிறார்கள். இங்கே கதை சொல்லக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. அவரவர் படித்துவிட்டு அவரவராக வெளியே வரட்டும். அதன்பின் ஒரு காபிக் கடையில் உட்கார இடம் பிடித்துக் கொடுங்கள். அரை மணி நேரம் யாரும் பேசாமல் இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மதியத்துக்கு மேல் சார்லஸ் பாலம். அடிக்கல் 1357ஆம் ஆண்டு 9ஆம் தேதி 7ஆம் மாதம் காலை 5.31 என்று சோதிடர் குறித்தாராம்: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏறி அதே வரிசையில் இறங்கும் முகூர்த்தம். சாந்து உறுதியாக இருக்கப் பல ஊர்களிலிருந்து முட்டை வரவழைத்தார்கள் என்றும், வெல்வாரி ஊர்க்காரர்கள் வழியில் உடையாமலிருக்க வேகவைத்து அனுப்பினார்கள் என்றும் கதை. இதைச் சொன்னபோது எங்கள் குழுவில் காரைக்குடிக்காரர் ஒருவர், "எங்க வீட்டுச் சுவத்துக்கும் முட்டைதாங்க, கடுக்காயும் சேர்ப்பாங்க" என்று ஆரம்பித்தார். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு, செட்டிநாட்டுச் சுவர் வழவழப்பு என்று பேச்சு நீண்டது. இப்படி உடன் வந்தவர் கதையை எடுத்துக்கொண்டால் நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். நடை அவர் கைக்குப் போவது நல்லது.

முடிவு கோட்டைக்குள் பொற்சந்தில். நாவலிலும் முடிவு அங்கேதான். தொப்பியைத் திருப்பிக் கொடுக்க அவன் போகும் இடம். 'கடைசி விளக்கு' என்ற வீடு பகலில் வெறும் சாம்பல் நிறக் கல்லாக இருக்குமாம், பனிமூட்டத்தில் மட்டும் சிலர் கண்ணுக்கு வீடாகத் தெரியுமாம். 22ஆம் எண் வீட்டில் 1916-17ல் காஃப்கா எழுதினார். அது அவர் தங்கை எடுத்திருந்த வீடு. மூன்றாவது பகுதியை, இடிபட்ட தெருக்களைப் பெர்னத் பார்ப்பதை, இங்கே படியுங்கள். கோட்டை மேட்டிலிருந்து கீழே நகரத்தைக் காட்டி, காலையில் நின்ற இடம் எது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பாலத்திலிருந்து கோட்டைக்கு ஏற்றம் செங்குத்து. முட்டி வலி உள்ளவர்களை 22ஆம் எண் டிராமில் ஏற்றி 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்' நிறுத்தத்தில் இறங்கச் சொல்லுங்கள், துணைக்கு ஒருவரை அனுப்புங்கள். வண்டியில் ஏறியதும் டிக்கெட்டில் முத்திரை குத்த வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.